வாய்க்காலை அடைத்துவிட்டால் மருந்து எப்படிப் போகும்? டர்பனில் ஒரு கீமோதெரபி மையத்தின் சேவை குறித்து

என் கணவரின் அக்காளுக்கு, எனக்கு மதினி முறையாகும் அவருக்கு, சென்ற ஆண்டு இடது மார்பில் 3 சென்டிமீட்டர் அளவில் புற்றுநோய்க் கட்டி இருப்பது பயாப்சியில் உறுதியாயிற்று. அறுவைக்கு முன்பாகவே கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள தனியார் பகல்நேரச் சிகிச்சை மையம் ஒன்றுக்கு ஆறு மாத காலத்தில் 16 முறை அவருடன் போய் வந்தேன். குறைகளையும் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வண்டி நிறுத்தும் இடம், நாற்காலியின் வசதி, தேநீரின் தரம் ஆகியவை எல்லாம் நன்றாகவே இருந்தன; அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. கட்டிக்குள் இருக்கும் இரத்த நாளங்களுக்கு இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதை அந்த மையம் ஒரு நோயாளிக்கு எப்படி விளக்கியது என்பதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். அங்கே கிடைத்த சேவையின் மிகச் சிறந்த பகுதியையும் மிக மோசமான பகுதியையும் நான் கண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருமணமாகி டர்பனுக்கு வருவதற்கு முன்பு பாளையங்கோட்டையில் ஒரு நோயியல் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். திசுக்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, மருத்துவரின் நுண்ணோக்கிக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே அங்கே சொல்லப்பட்டவற்றை ஓரளவு எடைபோட என்னால் முடிந்தது. மதினியோ டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ், வீட்டிலும் கோயிலிலும் கேட்டுப் பழகிய தமிழ். அவருடைய பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகப் புரியாது. பிள்ளைகள் காதில் விழக்கூடாத கேள்விகளை அவர் என்னிடம் தமிழில்தான் கேட்பார்.

முதல் நாளில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கெட்டித் தாளில், வண்ணப் படங்களோடு, பார்வைக்கு அழகாக இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், கீமோதெரபி மருந்துகள் கட்டிக்குப் போகும் இரத்த நாளங்களைத் துண்டித்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கின்றன என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னதும் மதினி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அங்க போற வாய்க்காலையே அடைச்சுட்டா, மருந்து எந்த வழியா உள்ள போகும்?” என்று கேட்டார். அவருடைய அப்பா உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். தண்ணீர் பாயாத பாத்திக்கு உரமும் போகாது, பூச்சிமருந்தும் போகாது என்பது மதினி சிறு வயதிலேயே கண்டு அறிந்த விஷயம்.

அந்தக் கேள்வியை நான் அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். கீமோ மருந்து ஏற்றுவதில் பல ஆண்டுகள் அனுபவமுள்ள சூலு பெண்மணி அவர். கேள்வியைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மதினிக்கு எதிரே உட்கார்ந்தார். “மா, இது ரொம்பச் சரியான கேள்வி. இந்தத் தாளில் இருக்கிறது பாதிதான்” என்று ஆரம்பித்தார். துண்டுப்பிரசுரத்தை வாங்கி அந்த வாக்கியத்தைப் பேனாவால் அடித்தார். அடுத்தடுத்த வாரங்களில் அவரும், மையத்தின் மருந்தாளுநரும், புற்றுநோய் மருத்துவரும் சிறிது சிறிதாகச் சொன்னவற்றை, நான் படித்து உறுதி செய்துகொண்டவற்றோடு சேர்த்துக் கீழே எழுதுகிறேன். நோயாளிக்கு இவ்வளவு தெரிய வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். மதினிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்த பிறகு அவருடைய பயம் பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கட்டி ஒன்று ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குத் தனியாக இரத்த நாளங்கள் வேண்டும் என்ற கருத்தை 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். மூச்சுக்காற்று போதாமல் திணறும் புற்றுநோய்ச் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது அருகில் உள்ள நாளங்களின் உட்சுவர்ச் செல்களைத் தூண்டிப் புதிய கிளைகளை விடச் செய்கிறது. அப்படி அவசரத்தில் முளைக்கும் நாளங்கள் ஒழுங்காக இருப்பதில்லை. சிடி31 என்ற சாயமுறையில் நாளங்களின் உட்சுவர் மட்டும் பழுப்பாகத் தெரியும். நல்ல மார்புத் திசுவில் அந்தப் பழுப்புக் கோடுகள் சீரான சிறு வளையங்களாகவும் இழைகளாகவும் இருக்கும். கட்டியின் சீவலை வைத்துப் பார்த்தாலோ, ஓரிடத்தில் கிழங்குபோல் வீங்கி, அடுத்த இடத்தில் நசுங்கி, போகப் போக எங்கேயோ முட்டுச்சந்தில் நிற்கும். பாளையங்கோட்டையில் அப்படி எத்தனையோ சீவல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளங்களின் சுவரும் உறுதியானதல்ல, கசியும். கசிந்த நீர் வெளியேற வழியில்லாமல் கட்டிக்குள் தேங்குவதால் உள்ளழுத்தம் ஏறுகிறது; அழுத்தம் ஏறிய இடத்துக்குள் இரத்தமும் மருந்தும் எளிதில் நுழைய முடிவதில்லை.

இங்கேதான் மதினியின் வாய்க்கால் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கட்டி என்னும் களைக்குப் போகும் வாய்க்கால் ஏற்கெனவே உடைந்து, பாதித் தண்ணீர் வழியிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. அதை முற்றிலும் அடைப்பது ஒரு வழி. அடைப்பதற்கு முன் சிறிது காலம் சீராக்கி, மருந்தை உள்ளே பாய்ச்சுவது இன்னொரு வழி. நாளங்களைத் தடுக்கும் மருந்துகள் அளவோடு கொடுக்கப்பட்டால் முதலில் இந்த இரண்டாவது வேலையையே செய்கின்றன என்ற கருத்தை 2001-ஆம் ஆண்டில் புற்றுநோய் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் எழுதினார். தேவையில்லாத கிளைகள் உதிர்ந்து, மிஞ்சியவை இறுக்கமாகி, கொஞ்ச காலத்துக்கு இரத்த ஓட்டம் சீராகிறது என்பது அவர் வாதம்.

மதினிக்கு முதலில் டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 4 தடவையும், பிறகு பாக்ளிடாக்சல் வாரம் ஒருமுறை 12 தடவையும் கொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். டாக்சோரூபிசின் சிவப்பு நிறத்தில் இருக்கும். சிறுநீரும் ஓரிரு நாள் சிவக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள், அதற்கு நன்றி. டாக்சோரூபிசினும் பாக்ளிடாக்சலும் மார்பகக் கட்டிக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை மருந்தாளுநர் சொன்னபோது எனக்கே புதிதாக இருந்தது. பாஸ்டனில் டாகியான் என்பவரும் அவருடைய குழுவினரும் அறுவைக்கு முன் கீமோ எடுத்துக்கொண்ட பெண்களின் கட்டிக்குள்ளேயே ஊசிமுனைக் கருவியைச் செலுத்தி உள்ளழுத்தத்தையும் ஆக்சிஜனையும் அளந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பாக்ளிடாக்சல் கொடுத்தவர்களிடம் உள்ளழுத்தம் 36 சதவீதம் குறைந்தது, ஆக்சிஜன் ஏறத்தாழ இரு மடங்கானது. டாக்சோரூபிசின் கொடுத்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. நாளங்களைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்த புற்றுநோய்ச் செல்கள் மடிந்ததும், நசுங்கிக் கிடந்த நாளங்கள் விரிகின்றன என்பது ஆய்வகத்தில் முன்பே கண்ட ஒரு காரணம். ஆகவே கீமோ என்றாலே இரத்த ஓட்டத்தைத் துண்டிப்பது என்று அந்தத் துண்டுப்பிரசுரம் சொன்னது தவறு. சில சமயம், சில மருந்துகளில், ஓட்டம் கூடவும் செய்கிறது. அப்படிக் கூடுவது அடுத்த வேளை மருந்து உள்ளே போவதற்கு உதவக்கூடும்.

வாரம் தவறாமல் ஏன் வர வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதாதா என்பது மதினியின் அடுத்த கேள்வி. சாட்ஸ்வொர்த்திலிருந்து வண்டி ஓட்டி வந்து அரை நாள் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் அது நியாயமான கேள்விதான். பாக்ளிடாக்சலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம். வாராவாரம் கொடுத்தால் 80 மில்லிகிராம். அறுவைக்குப் பின் இந்த மருந்து எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 5,000 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2008-ஆம் ஆண்டில் வந்தது. ஐந்தாண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் வாராந்திர முறையில் 89.7 சதவீதம், மூன்று வார முறையில் 86.5 சதவீதம். இதற்கு ஒரு காரணம் நேரடியானது: மொத்தக் கணக்கில் வாராந்திர முறையில் மருந்து அதிகம். மற்றொரு காரணமாக ஆய்வாளர்கள் கருதுவது நாளங்களைச் சார்ந்தது. நாளங்களின் உட்சுவர்ச் செல்கள், புற்றுநோய்ச் செல்களைப் பாதிக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவு பாக்ளிடாக்சலிலேயே பெருக்கத்தை நிறுத்திவிடுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பெரிய அளவில் ஒரே தடவையாகக் கொடுத்து மூன்று வாரம் விட்டுவிட்டால், அந்த இடைவெளியில் நாளங்கள் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. அதுமட்டுமன்றி, பாக்ளிடாக்சலைப் பெரிய அளவில் கொடுத்த சில மணி நேரத்துக்குள் எலும்பு மஜ்ஜையிலிருந்து நாளம் கட்டும் முன்னோடிச் செல்கள் இரத்தத்தில் இறங்கிக் கட்டியை நோக்கிப் போகின்றன என்று 2008-ஆம் ஆண்டில் எலிகளில் கண்டார்கள்.

சிறு அளவில், இடைவெளி விடாமல் கொடுக்கும் இந்த முறைக்கு 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் ஆய்வாளர் டக்ளஸ் ஹனஹன் மெட்ரோனோமிக் என்று பெயர் வைத்தார். இசை பழகுகிறவர்கள் தாளம் தப்பாமல் இருக்க வைத்துக்கொள்ளும் கருவி மெட்ரோனோம். மதினிக்கு நான் அதை உம்கேனி சாலைக் கோயிலின் மேளத்தை வைத்துச் சொன்னேன். அடி சிறியதாக இருந்தாலும் விடாமல் விழ வேண்டும் என்றேன். மதினிக்குக் கொடுத்த வாராந்திர மருந்து முழுமையான மெட்ரோனோமிக் முறை அல்ல என்பதை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அந்த முறை பெரும்பாலும் தினமும் சிறு மாத்திரைகளாகக் கொடுப்பது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படைச் சிந்தனையில் உறவு உண்டு. அதற்குப் பிறகு மதினி ஒரு வாரத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் மருந்து நாள் என்பதால் கூட்டத்தில் நிற்காமல் காரிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தார்.

மருந்து ஏற்றும் முறையில் அந்த மையத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே மருந்து, பாக்ளிடாக்சலுக்கு உரிய வடிகட்டியுள்ள குழாய், மருந்துப் பையின் பெயரை இரண்டு சிஸ்டர்கள் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது என எதிலும் ஒரு நாளும் தளர்வு இல்லை. பாக்ளிடாக்சல் விரல் நுனி நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். அதைக் குறைக்க, உறைகுளிரில் வைத்த கையுறைகளை மருந்து ஓடும் ஒரு மணி நேரமும், அதற்கு முன்னும் பின்னும் கால் மணி நேரமும் மாட்டிவிட்டார்கள். குளிரில் விரல்களின் சிறு நாளங்கள் சுருங்கும். சுருங்கினால் அங்கே போகும் மருந்து குறையும். முதல் முறை கையுறையைக் கழற்றியபோது மதினியின் விரல்கள் வெளிறி, நகக்கண்கள் மட்டும் நீலம் பாரித்திருந்தன. சில நிமிடங்களில் உள்ளங்கையிலிருந்து சிவப்பு மெல்ல நுனிவரை ஏறியதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். “இப்பத்தான் வாய்க்கால் திறக்குது” என்றார் மதினி. கட்டிக்குள் நாளத்தைத் திறந்து வைக்கவும், விரலில் அதே நாளத்தை மூடி வைக்கவும் அந்த ஒரு மணி நேரத்தில் பாடுபடுகிறார்கள் என்பதை அவர் அப்போது முழுமையாகப் புரிந்துகொண்டார்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். நான்கு தடவை சிவப்பு மருந்தும் ஆறு தடவை பாக்ளிடாக்சலும் முடிந்தபின் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பு மேசையிலிருந்து தொலைபேசிக்கு அனுப்பப்பட்டது. கட்டி 3 சென்டிமீட்டரிலிருந்து 2.6 ஆகக் குறைந்திருப்பதாக அதில் இருந்தது. இத்தனை மாதங்கள் பட்ட பாட்டுக்கு 4 மில்லிமீட்டர்தானா என்று மதினி அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. அடுத்த இரண்டு நாட்களும் யாரையும் தொடர்புகொள்ள முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் மருத்துவர் திரையில் படங்களைக் காட்டினார். கேடோலினியம் என்ற சாயத்தை இரத்த நாளத்தில் ஏற்றிப் படம் எடுக்கும்போது, முன்பு அது கட்டிக்குள் சட்டென்று ஏறிச் சட்டென்று வடிந்தது. கசியும் நாளங்கள் நிறைந்த கட்டியின் அடையாளம் அது. இப்போதோ சாயம் மெதுவாக, மங்கலாக ஏறியது. கட்டியின் எல்லை பெரிதாகச் சுருங்காவிட்டாலும் உள்ளே இரத்த ஓட்டத்தின் இயல்பு மாறியிருக்கிறது, நல்ல அறிகுறிதான் என்றார். அந்த விவரம் அறிக்கையின் கடைசிப் பத்தியில் இருந்தது. ஆனால் அதை விளக்க ஆள் இல்லாத நேரத்தில் அறிக்கையை அனுப்பியது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. இதை எழுத்திலும் தெரிவித்திருக்கிறேன்.

அதே மருத்துவர், மகிழ்ந்துபோயிருந்த எங்களிடம் உடனே இன்னொன்றையும் சொன்னார். பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் நாளங்களைப் பாதிப்பதால், கட்டிச் செல்கள் மிச்சமிருந்தும் சாயம் ஏறாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டலாம், இறுதித் தீர்ப்பு அறுவைக்குப் பின் நுண்ணோக்கியில்தான் என்றார். சிகிச்சை தொடங்கும் முன்பே கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப்பை வைத்திருந்ததும் அதற்காகத்தான். கட்டி படத்தில் மறைந்துவிட்டாலும் அறுவை மருத்துவருக்கு இடம் தெரிய வேண்டும். நல்ல செய்தியைச் சொன்ன மூச்சிலேயே அதன் எல்லையையும் சொல்கிற மருத்துவர்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

நாளங்களை மட்டும் குறிவைக்கும் மருந்து ஏன் இல்லை என்று மதினியின் மகன் கேட்டதற்கும் நேர்மையான பதில் கிடைத்தது. வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிஸுமாப் என்ற மருந்தைப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்ளிடாக்சலுடன் கொடுக்க அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பு 2008-ஆம் ஆண்டில் ஒப்புதல் தந்தது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் நோய் முற்றாமல் நின்ற காலம் 5.9 மாதங்களிலிருந்து 11.8 மாதங்களாக உயர்ந்தது. ஆனால் ஆயுள் கூடவில்லை. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலனும் சுருங்கியது. இரத்தக்கொதிப்பு, இரத்தக்கசிவு போன்ற ஆபத்துகளையும் எடைபோட்டு 2011 நவம்பரில் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள். வாய்க்கால் ஒன்றை அடைத்தால் கட்டி வேறு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது என்று நான் மதினிக்குச் சொன்னேன்.

இணையத்தில் பரவும் ஒரு பயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக்கும் வந்தது. அறுவைக்கு முன் கொடுக்கும் கீமோ, நோயைப் பரப்புமா? நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டில், புற்றுநோய்ச் செல், மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல், நாள உட்சுவர்ச் செல் ஆகிய மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்கள் கீமோவுக்குப் பிறகு கூடுவதை எலிகளிலும் 20 பெண்களின் திசுக்களிலும் கண்டார்கள். அந்த இடங்கள், செல்கள் இரத்தத்துக்குள் நுழையும் வாசல்கள் என்று கருதப்படுகின்றன. நான் இதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போய் மருத்துவரிடம் கேட்டேன். அவர் அந்த ஆய்வை மறுக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. 1,523 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன்பும் மற்றதற்குப் பின்பும் ஒரே கீமோவைக் கொடுத்த பழைய அமெரிக்க ஆய்வில், இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை என்பதைக் காட்டினார். 2018-ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் நோய் தொலைவில் பரவுவதிலும் இறப்பிலும் வேறுபாடு இல்லை. நாளத்தில் நடப்பது ஒன்று, அதனால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பக்கூடாது என்று அவர் சொன்னதை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

அறுவை முடிந்து வந்த நோயியல் அறிக்கையில் 5 மில்லிமீட்டர் அளவில் கட்டி மிச்சம் இருந்தது. அக்குள் நிணக்கணுக்களில் எதுவும் இல்லை. அறுவைக்கு முன் கடைசியாக எடுத்த படத்தில் அது அறவே தெரியாமல்தான் இருந்தது. மருத்துவர் எச்சரித்தபடியே ஆயிற்று.

டர்பன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம் எதுவும் இப்படி ஒரு மையத்தைத் தேட நேர்ந்தால், கேள்வி கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சிஸ்டர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பரிசோதனை முடிவுகளை எந்தக் கிழமை, யார் மூலம் சொல்வீர்கள் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தறைக்கு நான் 5-க்கு 5 கொடுப்பேன். வரவேற்பு மேசைக்கும் அறிக்கை அனுப்பும் முறைக்கும் 2-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் அதே துண்டுப்பிரசுரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. மதினி தன் கைப்பையிலிருந்து, சிஸ்டர் பேனாவால் அடித்துக் கொடுத்த பழைய பிரதியை எடுத்தார். அதைப் பிரதி எடுக்கச் சொல்லி, திருத்தம் கேட்கும் என் இரண்டாவது கடிதத்தோடு சேர்த்து மேசையில் கொடுத்துவிட்டு வந்தோம்.